பனையடியில் பனிமலை

எங்கள் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், இமயமலைக்குப் புறப்பட்டது இயற்கையை ரசிக்கத்தான் என்று அக்கா நம்பினாள். நான் நம்பவில்லை. கோவில்பட்டியில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்) வைத்திருந்த மனுஷன் அவர். கூட்டம் இருக்காது என்று சீசன் முடிந்த பிறகு குற்றாலத்துக்குப் போய், காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டு வந்தவர்.

ரயில் ஆக்ராவைத் தாண்டியதும் உண்மை வெளியே வந்தது. மலைப்பக்கத்தில் உங்கள் தீப்பெட்டி பற்றுவதே இல்லை, இனி பண்டல் அனுப்பாதீர்கள் என்று வடக்கத்தி ஏஜெண்டு கடிதம் போட்டிருந்தான். அத்தானின் சரக்கில் முக்கால்வாசி அங்கேதான் போனது. அது நின்றால் ஆபீசைப் பூட்ட வேண்டியதுதான்.

“பத்தலையாம்லா! எவனோ டூப்ளிகேட் போட்டு விக்கான் மாப்ள. இல்லன்னா இவன் வேற கம்பெனிக்காரன் பக்கம் சாஞ்சிட்டான். நேர்ல பாத்துப் பிடிக்கேனா இல்லியான்னு பாரு.”

என்னைக் கூட்டி வந்தது என் இந்திக்காக. அது தபாலில் படித்த இந்தி. ஒரு ராஜாவுக்கு மூன்று மகன்கள் என்று சொல்லத் தெரியும். டீயில் சர்க்கரையைக் குறை என்று சொல்லத் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசி. மே மாதம். இமாசலத்து மலையூர் ஒன்றில், ஒரே நாளில் இரண்டு ஏரியும் ஒரு பனியாறும் காட்டுவதாக போர்டு வைத்திருந்த ஜீப்பில் விடியற்காலையில் ஏறினோம். அத்தான் பேண்டுக்கு மேல் வேட்டி, தலையில் குரங்குக் குல்லா.

முதல் ஏரி ததும்பிக் கிடந்தது. மே மாதத்தில் நிறைந்த தண்ணீரைக் கண்டால் கரிசல்காட்டு ஆளுக்குச் சந்தேகம்தான் வரும். அத்தான் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“கரையும் இல்ல, மடையும் இல்ல. இது எவன் கண்மாய்னு கேளு.”

கேட்டேன். டிரைவர் மேலே கையைக் காட்டினான்.

“அப்படித்தான் சொல்லுவான்” என்றார் அத்தான்.

இரண்டாவது ஏரியைப் பார்த்ததும் எனக்கே ஒரு ஐயம். முதல் ஏரியைத்தான் பின்பக்கமாகச் சுற்றி வந்து காட்டுகிறானோ? மலையில் எது முன், எது பின் என்று புத்தகம் படித்தவனுக்கு எப்படித் தெரியும்? அத்தானுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ஜீப் நின்ற இடத்தில் எல்லாம் நான் ஏரியைப் பார்க்கப் போனேன். அவர் டீக்கடை அடுப்பைப் பார்க்கப் போனார். அவருடைய லேபிள் எங்கும் தட்டுப்படவில்லை.

வடக்குக்கென்றே போட்ட லேபிள் அது. பனிமலை, கீழே ஏரி, ஓரத்தில் ஒரு பனைமரம். வரைந்தவர் கயத்தாறு தாண்டாதவர். மரம் என்றால் அவருக்குப் பனைதான். அதிலும் எங்கள் ஆபீசில் ஒட்டும்போது பனையின் கொண்டை பெட்டி விளிம்பில் மடங்கிவிடும். கள்ளச்சரக்குப் போடுகிறவன் ஒழுங்காக ஒட்டியிருப்பான், அதை வைத்தே பிடித்துவிடலாம் என்பது அத்தானின் கணக்கு.

மத்தியானம் பனியாறு வந்தது. நீலப் பளிங்காக இருக்கும் என்று நான் படித்திருந்தேன். எதிரே கிடந்தது, பசுவந்தனைப் பக்கம் கோடை உழவு போட்ட புஞ்சை மாதிரி, கருப்பாக.

“நம்ம பிஞ்சையக் காட்டவா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தான்?” என்று சொல்லிவிட்டு அத்தான் கடையைத் தேடிப் போனார். நான் குடைக்கம்பியால் கிண்டினேன். இரண்டு விரற்கடை மண்ணுக்குக் கீழே பனிக்கட்டி. நிஜம்தான். ஒரு நல்ல சந்தேகம் இப்படிப் போயிற்றே என்று சற்று வருத்தமாகக்கூட இருந்தது.

“ஏ மாப்ள! ஓடியா!”

தார்ப்பாய்க் கடை. நடுவயதுப் பெண் ஒருத்தி டீ போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் கையில் பனிமலை லேபிள் ஒட்டிய தீப்பெட்டி. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனையின் கொண்டை மடங்கியிருந்தது.

“நம்ம சரக்குதாம்டே” என்றார். குரல் இறங்கிவிட்டது.

ஒரு குச்சியை எடுத்து உரசினார். பற்றவில்லை. இன்னொன்று. மூன்றாவதில் மருந்து பிய்ந்து பட்டையில் ஒட்டிக்கொண்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த நாளில் முதல்முறையாகப் பனியாற்றைப் பார்த்தார்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கினாள். ஒரு குச்சியை எடுத்துத் தன் தலைமுடியில் பரபரவென்று தேய்த்தாள். உரசினாள். பற்றியது. தார்ப்பாயைத் தூக்கி அடித்த காற்றிலும் அணையாமல் நின்று எரிந்தது. ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்லுதா?”

எனக்குப் பாதிதான் புரிந்தது. “ஈரத்துல மொரண்டு பிடிக்குமாம். பத்திக்கிட்டா காத்துக்கு அசையாதாம்.”

“அதுல நீ சேத்தது எம்புட்டு?”

“காத்து அவ சொன்னது அத்தான். மொரண்டு மட்டும் என்னுது.”

ஜீப்பில் திரும்பும்போது அந்தப் பெட்டி அத்தானின் அக்குளில் இருந்தது. இறங்கும் முன் ஒரு குச்சியைக் கிழித்துப் பார்த்தார். பற்றியது. டிரைவர் திட்டினான், அந்த இந்தி முழுதும் எனக்குப் புரிந்தது.

ஊர் வந்து சேர்ந்ததும் அக்கா கேட்டாள்: “பனியெல்லாம் எப்படி இருந்துது?”

“ஈரம்” என்றார் அத்தான். காப்பியைக்கூடக் குடிக்காமல், பண்டலைச் சுற்ற மெழுகுத்தாள் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.