முதல் அடியை அடித்தவர் எங்கள் அண்ணன் அல்ல

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுகிறேன். சாந்தமே உருவானவர் என்று நான் எழுதப் போவதில்லை. அவருக்குக் கோபம் வரும். எனக்கும் வரும். நாங்கள் வளர்ந்த வீடு அப்படி.

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தோம். அப்பா எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டுபவர். ஒரு தீபாவளிக்குக் கிள்ளானிலிருந்து அண்ணனுக்குப் பொம்மைக் கார் வாங்கி வந்தார். வீட்டில் பெட்டியைப் பிரித்தால் ஒரு சக்கரம் இல்லை. மாற்றி வாங்க மறுபடி பஸ் ஏறிப் போக வழியில்லை. அண்ணன் அழுதார். அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அம்மா குறுக்கே விழுந்து பாதி அடியை வாங்கிக்கொண்டார். காரை அப்பா கோடரியால் பிளந்து போட்டார்.

பள்ளியை விட்டதும் அண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். விளையாட்டுச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு சீன முதலாளியின் சரக்கை ஏற்றி இறக்கியே தொழிலைக் கற்றுக்கொண்டார். பிறகு கோலா சிலாங்கூரில் சொந்தக் கடை போட்டார். ஜப்பான் ரயில், ஜெர்மன் மரவண்டி, ரிமோட் கார் எல்லாம் வரவழைத்தார். கல்லாவில் நான் உட்கார்ந்தேன். பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, தரையில் ஓடவிட்டுக் காட்டிய பிறகுதான் விற்பார். பிரிக்காத பெட்டிதான் வேண்டும் என்று கேட்டவர்களை விரட்டியே விட்டார். "உள்ள என்னா இருக்குன்னு தெரியாம எப்பிடி லா விப்பேன்?" என்பார்.

கைப்பேசி வந்ததும் அந்தப் பழக்கமே அவர் கழுத்தை அறுத்தது. பிள்ளைகளோடு வருவார்கள். நாலு பெட்டியைப் பிரிக்கச் சொல்லி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அங்கேயே படம் பிடித்து இணையத்தில் விலை தேடுவார்கள். "அண்ணே, இதுல பாதி வெலதான், பாருங்க" என்று அவரிடமே காட்டுவார்கள். இதை வாசிப்பவர்களிலும் அப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்கள்.

"பெட்டியத் தொறக்காதீங்கண்ணே, எல்லாரும் நம்ம தலையில மொளகா அரைக்கிறாங்க" என்று கத்தினேன்.

"நீ ஒன் கல்லாவப் பாரு" என்றார்.

அந்த முதல் அடியை அடித்தவனும் அப்படி வந்து பார்த்துவிட்டுப் போனவன்தான். அதே கார் என்று இணையத்தில் மலிவுப் போலியை வாங்கினான். அது சார்ஜ் போட்ட இடத்தில் வெடித்து மகளின் கையைச் சுட்டது. கிளினிக்குக்குக்கூடப் போகாமல், மனைவியையும் மகளையும் இழுத்துக்கொண்டு எங்கள் கடைக்குள் புகுந்தான்.

"நீ காட்டுனதப் பாத்துதானே லா வாங்குனேன்!"

அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், வெந்த கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தார். குனிந்திருந்த தலையில் அவன் ஹெல்மெட்டால் அடித்தான். மீண்டும் மீண்டும் அடித்தான். காது கிழிந்து அண்ணன் சட்டையெல்லாம் ரத்தம். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அவர் கொடுத்த அடியில் அவன் மூக்கு உடைந்தது. கண்ணாடி அலமாரி அவன்மேல் நொறுங்கியது. நான் தடுக்கவில்லை. இன்னும் அடிக்கட்டும் என்றுதான் நின்றேன்.

வாசலில் நின்ற எவனோ அண்ணன் அடித்ததை மட்டும் காணொளி எடுத்துப் பரப்பினான். அதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "அப்பன் புத்தி" என்று எழுதியவர் நம் சித்தப்பா. கட்டைவிரல் காட்டியவர்கள் நீங்கள்.

கெட்ட சாமானை விற்றுவிட்டு, கேட்க வந்தவனை அடித்ததாக அவன் போலீசில் புகார் கொடுத்தான். விசாரணைக்குப் போனோம். அங்கே அவன் மனைவி எழுந்து நின்றார்.

"பொய் சொல்லாதீங்க. காரு ஆன்லைன்ல வாங்குனது. பாப்பா கைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தவர நீங்கதான் மொத அடிச்சீங்க."

"வீட்டுக்கு வா, ஒன் வாயக் கிழிக்கிறேன்" என்றான் அவன்.

அவன் மனைவி போலீஸ் அதிகாரி பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் அந்த மிரட்டலோடு சேர்த்து மலாயில் சொன்னார். புகார் அதோடு நின்றது.

வழக்கு இல்லை, ஆனால் கடைக்கு ஆளும் இல்லை. காணொளிதான் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் கடையை மூடிவிட்டு, ரவாங்கில் ஒரு கிடங்கில் இணையப் பொட்டலங்களை லோரியில் ஏற்றும் வேலைக்குப் போனார். அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சாவு வீட்டில், "கைநீட்டுற புத்தி இல்லன்னா கடை நின்னுருக்கும்" என்று பேசினீர்கள். எனக்குக் கேட்டது. பாடை தூக்கும் நேரம் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

இனி நன்றி. அண்ணனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய வங்காளதேசத் தொழிலாளிகளுக்கு நன்றி. பந்தல் போட்டவர்களுக்கும் சமைத்தவர்களுக்கும் நன்றி. உண்மையைச் சொன்ன அந்தப் பெண்ணுக்கு, பெயரை அச்சிடாமல், நன்றி. விசாரணை நடந்த அன்றே கணவன் அவர் கையை உடைத்தான். இப்போது தாயும் மகளும் என்னோடு இருக்கிறார்கள். இன்று உங்கள் இலையில் சோறு போடுகிறவர் அவர்தான். அந்தக் காணொளியை இன்னும் வைத்திருப்பவர்கள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை அழித்துவிடுங்கள். பிறகு சாப்பிடுங்கள்.