பாதியில் நின்ற சங்கு

எங்கள் பல்கலைக்கழகத்தில் அபாயச் சங்கைக் கவனித்துக்கொண்டவருக்கு நாங்கள் வைத்த பெயரே ‘சங்கு’. அதே அறையில் நான் டெலிபோன் ஆபரேட்டர். பதினாறு வருஷம் அவரோடு ஒரே ஃபேனுக்குச் சண்டை போட்டவள். மாதத்தின் முதல் புதன், காலை பதினொரு மணி. பத்து நிமிஷம் சங்கு அலறும். நடுநடுவே அவர் குரலிலேயே பதிவு செய்த அறிவிப்பு வரும்: “இது சோதனை மட்டுமே. பதற்றம் வேண்டாம். உங்கள் வேலையைத் தொடருங்கள்.” நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மாதத்தில்கூட மனுஷன் மாத்திரைப் பையோடு வந்து பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அவர் மனைவிக்கு வேதியியல் கட்டடத்தில் துப்புரவு வேலை. “கீழ்த்தளத்துல நீங்க பேசுறது எனக்குக் கேக்கவே மாட்டேங்குது” என்று அக்கா ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார். “வீட்டுல கேக்குறது போதாதாக்கா?” என்றேன். மறுநாளே சங்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே ஒரு ஸ்பீக்கரை மாட்டிவிட்டு வந்தார். அனுமதியாவது மண்ணாங்கட்டியாவது.

அந்தப் புதன்கிழமை சோதனை தொடங்கி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வேதியியல் ஸ்டோர் கீப்பர் கூப்பிட்டார். “கீழ்த்தளத்துல குளோரின் சிலிண்டர் லீக் ஆகுது. எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க.” இருமினார். நான் அதை அப்படியே உரக்கச் சொன்னேன். சங்கின் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே அவருடைய குரலே நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, பதற்றம் வேண்டாம், உங்கள் வேலையைத் தொடருங்கள் என்று.

ஓடத் தொடங்கிய சோதனையை நிறுத்த அந்தப் பாழாய்ப்போன இயந்திரத்தில் வழியே கிடையாது. மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை எழுதினார். கிணற்றில் போட்ட கல். மெயினை அணைத்தால் நேரடியாகப் பேசும் மைக்கும் போய்விடும், திரும்ப வர நான்கு நிமிஷம் ஆகும். எல்லாருக்கும் குறுஞ்செய்தி அனுப்பவோ பதிவாளர் ஒப்புதல் வேண்டும். பதிவாளர் கூட்டத்தில் இருந்தார்.

“அவ கீழ இருக்கா” என்றார் சங்கு. “போனை லாக்கர்ல வெச்சிட்டுத்தான் வேலைக்கு இறங்குவா.”

மெயினை அணைத்து மறுபடி போட்டார். அந்த அமைதி எனக்கு அலறலைவிடப் பயமாக இருந்தது. “மைக் வந்ததும் நீ பேசு” என்றவர் கை மெகாஃபோனை எடுத்துக்கொண்டு ஓடினார். ஸ்டென்ட் வைத்த மனுஷன்.

நான் மாடி மாடியாக போன் போட்டேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பு எண் அடித்தேன். “டெஸ்ட்தானே மேடம்” என்று ஒரு பேராசிரியர் சிரித்தார். அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

மூன்றாவது நிமிஷம் கதவு திறந்தது. அக்கா. கையில் துடைப்பத்தோடு மூச்சிரைக்க நின்றார்.

“அவருக்கு என்ன ஆச்சு? சங்கு பாதியில நின்னுடுச்சே. உசிரு இருந்தா அவரு நிறுத்த மாட்டாரே. மறுபடியும் நெஞ்சு வலியோன்னு பின்பக்கப் படியில ஏறி ஓடியாந்தேன்.”

சங்கின் கைப்பேசிக்கு அடித்தேன், கிடைக்கவில்லை. அதற்குள் ஸ்டோர் கீப்பரே கூப்பிட்டார். “எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. ஆனா சங்கு கர்ச்சீப்பை மூஞ்சில கட்டிக்கிட்டு உள்ள இறங்கிட்டாரு. புடிச்சேன், தள்ளிவிட்டுட்டுப் போயிட்டாரு. சம்சாரத்தைத் தேடுறாரு.”

அக்காவுக்கும் அது கேட்டுவிட்டது. இரண்டு பேரும் மைக்கின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சையாகித் தொலைய மாட்டேன் என்கிறதே என்று எனக்கு அழுகை வந்தது. பச்சையானதும் அக்காவின் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்தேன்.

கட்டியவர் பெயரை அக்கா சொன்னதே இல்லை. அன்றும் சொல்லவில்லை.

“என்னங்க” என்றார். வளாகம் முழுக்கக் கேட்டது. அங்கிருந்த புருஷன்மார் எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். “நான் உங்க ரூம்லதான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல. மேல வாங்க. என்னங்க, மேல வாங்க.”

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்டோர் கீப்பர் லைனில் இருந்த போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் இருமல் கேட்டது, பெரிய இருமல். அந்தப் பக்கம் யாரோ போனைப் பிடுங்கினார்கள்.

“அவகிட்ட சொல்லு” என்றார் சங்கு, குரலே இல்லாமல். “கீழ நல்லாக் கேக்குது.”

சொன்னேன். அக்கா பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. அக்காவின் அழுகையும் வளாகம் முழுக்கக் கேட்டது.