பூட்டினால் செங்கல்

அக்காவின் போனை அணைத்துப் போட்டால் முதலில் ஒரு கருந்திரை வரும். அதில் ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து வரி ஆங்கிலம். இந்தப் போனின் பூட்டு திறந்து கிடக்கிறது, உள்ளே இருப்பதை யாரும் மாற்றியிருக்கலாம், முக்கியமான எதையும் இதில் வைக்காதே என்பது அதன் சாரம். பக்கத்திலுள்ள பொத்தானை அமுக்கினால் திரை ஓடிவிடும். வாசிக்காமலே அமுக்க அக்காவைப் பழக்கியவர் அத்தான். கம்பெனிக்காரன் சும்மா மிரட்டுகிறான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அத்தானுக்குத் தாதரில் மொபைல் ரிப்பேர் கடை. தாராவியில் எங்கள் சந்தில் பாதிப் பேரின் போன் அவர் கையால்தான் பிழைத்தது. வெளியாள் கடை என்றால் எங்கள் ஆட்கள் சிம்மைக்கூடக் கழற்றிக்கொண்டுதான் கொடுப்பார்கள். அத்தான் நம்ம ஊர்க்காரர் ஆயிற்றே, அதனால் திறக்கும் எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் போனின் முதுகிலேயே ஒட்டிக் கொடுப்பார்கள். எண்ணைச் சொல்லாமல் கொடுத்தால் சந்தேகப்பட்டது போலாகிவிடும், அது மரியாதை இல்லை. ஊர்க்காரர்களே அப்படி என்றால் கட்டிய மனைவி என்ன செய்வாள்?

அக்காவின் போனுக்குக் கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்தியபோது, அத்தான் அதில் வேறொரு இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். அதற்கு முதலில் பூட்லோடர் என்கிற வாசல் பூட்டைத் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் திரும்பப் பூட்டலாமா கூடாதா என்பது போனைப் பொறுத்தது. செம்பூரில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த எனக்கு அந்த அளவுக்குத் தெரியும். அந்த மாடலைப் பூட்டலாம் என்றும் எங்கோ படித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புச் சாப்பாட்டில் அதைக் கேட்டேன்.

“பூட்டுனா செங்கல் ஆயிரும் மாப்ள. கதம், முடிஞ்சுது. அப்புறம் சுவத்துக்குத்தான் வச்சுப் பூசணும்” என்றார். “நீ ஆபீஸ்ல கீபோர்டத் தட்டு. இது நம்ம தந்தா, நம்ம தொழிலு.”

அவர் சொன்னது முழுப்பொய்யும் இல்லை. வேறு பல போன்களில் அப்படித்தான் ஆகும். அத்தானின் சாமர்த்தியமே அதில்தான் இருந்தது. அக்கா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள், நானும் சாப்பிட்டேன்.

அக்கா நர்ஸுக்குப் படித்தவள். கல்யாணத்தோடு வேலையை விட வைத்தார்கள். திரும்ப வேலைக்குப் போக வேண்டும் என்ற ஒன்றைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அத்தானுக்குத் தெரியாமல் விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்கு வரச்சொல்லி அழைப்பும் வந்தது. அதற்கு முந்தின வாரம் அத்தான் ரயில் டிக்கெட்டோடு வந்து நின்றார், ஊரில் கோயில் கொடைத் திருவிழாவாம். அதுவரை கொடைக்கு வரி அனுப்பியதோடு சரி, எட்டிப் பார்த்ததில்லை. அடுத்த முறை டிராம்பே பக்கம் ஒரு நர்ஸிங் ஹோம் கூப்பிட்டது. அந்த வாரம் அத்தானின் அம்மா படுக்கையோடு வந்து இறங்கினார். அக்காவுக்கு நேரம் சரியில்லை என்று எங்கள் அம்மா சனீஸ்வரனுக்கு விளக்குப் போட்டாள். சனி நடுவீட்டில் கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தது.

விஷயம் வெளிப்பட்டது ஒரு பொங்கலன்று. எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். அத்தான் நல்ல குஷியில் இருந்தார்.

“ஒங்க அக்காளுக்கு நான் தூங்கும்போதுதான் மூச்சே வருதாம்லா மாப்ள” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

வேடிக்கை என்று எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். ‘அவுக தூங்கும்போதுதான் எனக்கு மூச்சே வருது’ என்பது அவள் எனக்கு மட்டும் போனில் எழுதி, உடனே அழித்த வரி. அவர் போட்டுக் கொடுத்த இயங்குதளம் எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறது. பூட்ட வேண்டுமென்றால் கலப்படமில்லாத மூலப் பதிப்பைத்தான் போட்டுப் பூட்ட முடியும். அவர் பூட்டாமல் விட்டதற்குக் காரணம் செங்கல் அல்ல, உள்ளே அவர் கலந்து வைத்திருந்த உளவு. அந்த மனிதரை அன்றிலிருந்து இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

அதே மாடலில் பழைய போன் ஒன்றை வாங்கினேன். அதே இயங்குதளத்தின் மூலப் பதிப்பைப் போட்டுப் பூட்டினேன். செங்கல்லும் ஆகவில்லை, மண்ணாங்கட்டியும் ஆகவில்லை. ஆரஞ்சு வரிகள் போய், இது கம்பெனி போட்டதல்ல என்று மட்டும் சொல்லும் மஞ்சள் வரி வந்தது. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உன்னுடையதையும் இப்படிப் பூட்டித் தருகிறேன், உள்ளே இருப்பது அழியும், ஆனால் பிறகு நீ எழுதுவது உன்னோடு இருக்கும் என்றேன். தன் போனை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அவுக பாத்தா என்னன்னு சொல்லுவேன்? போ தம்பி” என்றாள். அதன்பிறகு அவள் எனக்கு எழுதியதெல்லாம் சாப்பிட்டாயா, மழையா என்பதுதான்.

அத்தான் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். கடையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்துத் தாராவிக்குப் போனேன். அக்காவை இனி எந்த ஆஸ்பத்திரியும் கூப்பிடப் போவதில்லை, அந்த வயது தாண்டிவிட்டது. இதையாவது செய்துவிடலாம் என்று என் போனை எடுத்து மறுபடி காட்டினேன். இத்தனை வருடமாக ஒழுங்காக ஓடுகிறது பார், உன்னுடையதைக் கொடு, பூட்டிவிடுகிறேன், இனி கேட்க யார் இருக்கிறார்கள் என்றேன்.

“பூட்டுனா செங்கல் ஆயிரும்லா” என்றாள் அக்கா.

“அக்கா, இந்தா என் கையில ஓடுதுல்லா.”

“ஒன் போனு வேற தம்பி. இது அவுக கைப்பட வச்சது. அவுகளுக்குத் தெரியாததா?”

போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. சார்ஜரில் செருகிப் பொத்தானை அமுக்கினாள். கருந்திரையில் ஆரஞ்சு வரிகள் வந்தன. நான் முதல் வரியை வாசித்து முடிப்பதற்குள் அவள் கட்டைவிரல் தானாகப் போய் அமுக்கிவிட்டது.