மருந்தகத்துக்கு இரண்டாம் முறை போன நாள்

காலையில் தையல் மெஷின் முன் இருந்து நூலைக் கோக்கப் போனேன். வலது கை நடுவிரல் நிமிரவில்லை. கொக்கி போல வளைந்து நின்றது. இடது கையால் மெல்ல நிமிர்த்திப் பார்த்தேன். தோள்மூட்டு வரை ஒரு மின்னல் ஓடியது. கதிரையிலேயே சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. தீவில், நாரந்தனைப் பக்கத்தில் அண்ணை வீட்டில் இருந்தேன். அண்ணை கடலுக்குப் போகிறவர். நான் சட்டை தைப்பேன். அந்த மாதம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் முதல் நன்மை (முதன்முதலாக நற்கருணை) வாங்கும் பிள்ளைகளுக்காகப் பதினான்கு வெள்ளைச் சட்டைகள் தைக்க எடுத்திருந்தேன். ஐந்துதான் முடிந்திருந்தன.

இரண்டு நாளுக்கு முன் குசினியில் ஓரா மீன் வெட்டும்போது அதன் விஷச் செட்டைமுள்ளு விரலில் குத்தியது. தீவில் பிறந்தவர்களுக்கு ஓரா குத்துவது புதிதல்ல. இரண்டு மூன்று மணித்தியாலம் உயிர் போகக் கடுக்கும், பிறகு அடங்கிவிடும். எனக்கும் அடங்கியது. மறுநாள்தான் விரல் தடித்து, விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது. அன்றே மருந்தகத்துக்குப் போனேன்.

அந்த மருந்தகம் எந்த ஊரில் இருந்தது என்று எழுதப் போவதில்லை. காரணம், இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும். நீளமான ஓட்டுக் கட்டடம், காத்திருப்பவர்கள் இருக்க ஒரு வாங்கு, மருந்து கொடுக்கிற ஒரு யன்னல். டொக்டர் கிடையாது. அப்போதிக்கரி (மருந்து கொடுக்கவும் சிறு சிகிச்சைகள் செய்யவும் பயின்ற அரச உத்தியோகத்தர்) ஒருவர்தான் எல்லாவற்றுக்கும். காய்ச்சல், பேதி, பாம்புக்கடி, பிள்ளை மூக்குக்குள் விட்ட புளியங்கொட்டை எல்லாம் அவரிடந்தான் வரும்.

அன்று எனக்கு முன்னால் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். என் முறை வந்தபோது அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"ஓரா குத்திப்போட்டுது, ஐயா."

"எப்ப?"

"நேற்று."

தலை நிமிராமலே மருந்துத் துண்டு எழுதினார். நோவுக்குக் குளிசை, ஒரு பூச்சு மருந்து. "சுடுதண்ணியிலை கையை வையும்" என்றார். நான் கையைச் சீலைத் தலைப்புக்குள் பொத்தி வைத்திருந்தேன். அவர் காட்டச் சொல்லவில்லை. நானும் காட்டவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் காலையில்தான் விரல் கொக்கியாகிப் போனது. காய்ச்சலும் இருந்தது. அண்ணையின் மனைவி ரோசலின், நான் மச்சாள் என்று கூப்பிடுகிறவ, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவ என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினா. மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. யாரோ பேனையால் கீறியது போல நேராக.

"வெளிக்கிடு பிலோமினா. மருந்தகத்துக்குப் போவம்."

"நேற்றுத்தானே மருந்து தந்தவர். இண்டைக்கும் போய் நிண்டால் என்ன நினைப்பார்?"

"அவர் என்னவும் நினைக்கட்டும்."

உண்மையைச் சொன்னால், வலியை விட அந்த வெட்கம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. தந்த மருந்து முடிவதற்குள் திரும்பிப் போவது, பெரியவர் ஒருவரின் சொல்லை நம்பாதது போல எனக்குப் பட்டது. நோயாளிகள் பலருக்கு இந்த வெட்கம் உண்டு. பிறகு பட்டணத்து ஆஸ்பத்திரி வார்ட்டில் படுத்திருந்தபோது, இதே வெட்கத்தால் பிந்தி வந்த மூன்று பெண்களைக் கண்டேன்.

யன்னலில் நின்ற உதவியாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நேற்று வந்தனீங்கள்தானே? குளிசை முடியட்டும். ரெண்டு நாள் பொறுத்து வாங்கோ."

மச்சாள் குரலை உயர்த்தவில்லை. "நாங்கள் மருந்துக்கு வரேல்லை. ஒருக்கால் கையைப் பாருங்கோ எண்டு கேக்க வந்தனாங்கள்."

உள்ளே எழுதிக்கொண்டிருந்த அப்போதிக்கரியின் பேனை நின்றது. எழுந்து வந்தார். என்னை வெளிச்சம் விழுந்த பக்கம் இருத்தி, கையை மேசையில் மல்லாத்தி வைத்தார். விரலின் அடியிலிருந்து நுனிவரை ஒரு பென்சில் முனையால் மெல்லத் தொட்டுக்கொண்டு போனார். எந்த இடம் கூடுதலாக நோகிறது, குளிர் நடுங்கியதா, இரவு நித்திரை வந்ததா, நேற்று இந்த விரல் நிமிர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தோளுக்கடியில் கமக்கட்டில் நெறி கட்டியிருக்கிறதா என்று (கிருமியைத் தடுக்கும் சுரப்பிகள் வீங்குவதுதான் நெறி கட்டுவது) மச்சாளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கட்டியிருந்தது.

பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நேற்று நான் உம்மடை கையைப் பார்க்கேல்லை. ஓரா எண்டு நீர் சொன்னதைக் கேட்டுத் துண்டு எழுதிப்போட்டன். அது என்ர பிழை."

வாங்கில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. மாறாக, அந்த நிமிடத்திலிருந்துதான் அவரை முழுமையாக நம்பினேன். ஒரு வைத்தியர் பிழையை ஒத்துக்கொண்டால் நோயாளியின் நம்பிக்கை போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவம் அப்படியல்ல.

"விரலை மடக்கிற நாண் ஒரு குழாய்க்குள்ளாலை ஓடுது" என்று தன் விரலிலேயே காட்டினார். "அந்தக் குழாய்க்குள்ளை சிதல் (சீழ்) பிடிச்சிருக்கு. இண்டைக்கே வெட்டித் திறக்கவேணும். நாளைக்கெண்டால் விரல் போகலாம். அதுக்கும் பிந்தினால் கை."

"இஞ்சை வெட்ட ஏலாதே, ஐயா?" என்று மச்சாள் கேட்டா.

"ஏலாது. என்னாலை ஏலாததை நான் தொட்டால் இன்னும் கெடும். பட்டணத்துக்குப் போகவேணும். வீட்டை போய் உடுப்பு மாத்தி வெளிக்கிட நினைக்காதேங்கோ."

அதன் பின் அவர் செய்த எதிலும் அவசரம் தெரியவில்லை. ஆனால் ஒரு நிமிடமும் வீணாகவில்லை. முன்பு ஊசி போட்டு எப்போதாவது உடம்பு தடித்ததா என்று கேட்டுவிட்டுப் பென்சிலின் போட்டார். மட்டைத் துண்டொன்றை வெட்டி விரலுக்கு அணைகொடுத்துக் கட்டினார். கையை நெஞ்சுக்கு மேலே பிடிக்கச் சொன்னார். மயக்க மருந்து கொடுப்பார்கள், ஆகையால் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்றார். கடிதம் எழுதி, ஒட்டுவதற்கு முன் அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். "முதல் நாள் கையைப் பரிசோதிக்கவில்லை" என்பதும் அதில் இருந்தது. உதவியாளர் சைக்கிளில் சந்திக்குப் போய் பஸ்ஸை மறித்து வைத்திருந்தார்.

மண்டைதீவுத் தாம்போதிப் பாதையில் இரண்டு பக்கமும் கடல் பளபளத்துக்கொண்டிருந்தது. கையை உயர்த்திப் பிடித்தபடி பஸ்ஸில் இருந்த என்னை எல்லோரும் பார்த்தார்கள். மச்சாள் தன் தோளை என் முழங்கைக்கு முட்டுக்கொடுத்திருந்தா. பயமாக இருந்தது. ஆனால் என்ன நடக்கிறது, இனி என்ன நடக்கும் என்பது தெரிந்திருந்தது. தெரியாத பயத்தைவிட அது எவ்வளவோ பரவாயில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் நின்றபடியே கடிதத்தை வாசித்தார். "நல்லாய் எழுதியிருக்கிறார்" என்று மட்டும் சொன்னார். அன்று பின்னேரம் மூன்று மணிக்குள் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. உள்ளங்கையில் ஒன்று, விரலில் ஒன்று என இரண்டு வெட்டு. உள்ளே உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார்களாம்.

பதினொரு நாள் வார்ட்டில் இருந்தேன். வெட்டியதை விட, பிறகு மடக்கியதுதான் கடினம். நாண் குழாயோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு மணித்தியாலமும் விரலை அசைக்க வேண்டும். தலை நரைத்த நேர்ஸ் ஒருவர் பக்கத்தில் நின்று, "நோகும். நான் நிக்கிறன். மடக்கும்" என்பார். நோகாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வெள்ளைச் சட்டைகளில் மிச்சம் ஒன்பதையும் வேலணைப் பக்கத்துத் தையல்காரி ஒருவ முடித்துக் கொடுத்தா. பிள்ளைகள் கோயிலில் வரிசையாக நின்றபோது எது என் தையல், எது அவவின் தையல் என்று எனக்கு மட்டுந்தான் தெரிந்தது. அவவின் கையில் விளிம்புகள் என்னுடையதை விட நன்றாக வந்திருந்தன.

புண்ணுக்கு மருந்து கட்ட அதே மருந்தகத்துக்குத்தான் ஆறு கிழமை போனேன். வாங்கில் இருந்தவர்கள் வழமைபோல அப்போதிக்கரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். கைராசிக்காரர் என்பார் ஒருவர். ஊசி கேட்டாலும் போடமாட்டார் என்று குறைப்படுவார் இன்னொருவர். இப்போதெல்லாம் ஒவ்வொருவரிடமும் கனநேரம் எடுக்கிறார், மத்தியானமாகிப் போகுது என்று ஒரு கிழவர் அலுத்துக்கொண்டார். உள்ளே அப்போதிக்கரி யாரிடமோ "எங்கை, காட்டும் பாப்பம்" என்று கேட்பது வாங்கு வரை கேட்டது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சந்தான். நோகிற இடத்தைக் காட்டுங்கள், கேட்காவிட்டாலும் காட்டுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லுங்கள். திரும்பிப் போக வெட்கப்படாதீர்கள். கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். என்னுடைய விரல் எனக்கு மிஞ்சியது மச்சாள் மெதுவாகச் சொன்ன ஒரு வசனத்தாலும், அதைக் கேட்டு எழுந்து வந்த ஒரு மனிதராலும்.

நடுவிரலின் நுனி மூட்டு இப்போதும் முழுதாக மடங்காது. ஊசியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடிக்கப் பழகிவிட்டேன். மாரியில், விடியற்காலையில், கை மரக்கட்டையாக இருக்கும். முன்பெல்லாம் கண் விழித்ததும் அடுப்படிக்கு ஓடுகிறவள் நான். உடம்பு என்று ஒன்று கூட வருகிறது என்ற நினைப்பே இருந்ததில்லை. இப்போது பாயில் எழுந்து இருந்து, விரலை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி, ஒரு பத்து நிமிடம் அதற்காகக் காத்திருக்கிறேன். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் போவதில்லை. கொஞ்சங் கொஞ்சமாக விரல் சூடேறி, கை என்னுடையதாகிறது. பிறகு எழும்புகிறேன்.