பிரேக்கில் வைத்த கால்

என் கணவர் மலேசியாவில் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்குக் காரோட்டியவர். எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது துரை சீமைக்குப் போய்விட்டார். அவருடைய பழைய ஆட்டோமேட்டிக் கார் எங்களோடு லகாட் ஊருக்கு வந்தது. அந்தக் காரை என் கணவர் பூப்போலத் தொடுவார். என்னைத் தொட்ட விதம் என் காதுக்குத் தெரியும். அடி வாங்கியே பாதி கேட்காமல் போன காது அது.

கியர் எண்ணெய் மாற்றப் பட்டறைக்குப் போகமாட்டார். அடுத்தவன் கை பட்டால் கார் கெட்டுவிடுமாம். வீட்டு வாசலிலேயே முன்சக்கரங்களை ரப்பர் மரக் கட்டைகள் மேல் ஏற்றுவார். கியர்பெட்டியிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு டின்னுக்குள் விடுவார். இஞ்சின் ஓடினால் பழைய எண்ணெய் கறுப்பாகக் கொட்டும். டின் நிறைந்ததும் இஞ்சினை நிறுத்தி, அதே அளவு புது எண்ணெயை ஊற்ற வேண்டும். சிவப்பாக வரும்வரை இதே கதைதான். உள்ளே உட்கார்ந்து சாவி திருப்ப ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் "நிப்பாட்டு" என்று கத்தியது என் காதில் விழவில்லை. டின் வழிந்து அவர் கைலி நனைந்தது. கதவைப் பிடுங்குவதுபோல் திறந்து, எண்ணெய்க் கையாலேயே அறைந்தார். தலை ஸ்டியரிங்கில் மோதியது. முடியைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று.

"செவிட்டு மூதேவி, எத்தன தடவ கத்துறது?"

உதட்டில் வழிந்ததில் எது எண்ணெய், எது ரத்தம் என்று நாக்குக்குத்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இந்த ஆள் செத்தால் தேவலை என்றுதான் தோன்றியது.

கடைசியில் குழாயை மாட்டிவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்க்கக் காருக்கடியில் மல்லாந்து நுழைந்தார். திறந்த கதவுக்குக் கீழே அவருடைய பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. இஞ்சின் ஓடும்போதே கியரை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது என்பதால் மேலிருந்து எண்ணித்தான் சொல்வார். கதவு திறந்திருந்ததால் இந்த முறை அவர் கத்தியது என் காதில் விழுந்தது.

"பிரேக்லேர்ந்து கால எடுக்காத. எடுத்தா கார் கட்டைய விட்டு எறங்கி எம்மேல ஏறிரும். ரெண்டாவது போடு."

போட்டேன். கார் பின்னால் இழுத்தது.

"மூணாவது. ம், நாலாவது."

நாலாவதில் கார் முன்னால் போகத் திமிறியது. காலை அழுத்திப் பிடித்திருந்தேன்.

"சரி, மேல தள்ளு. மொத எடத்துக்கு."

நான் தள்ளவில்லை.

"என்னங்க, இனிமே எம்மேல கை வப்பீங்களா?"

"என்னாடி பேசற? கிலாவா, பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு? தள்ளு லா."

காலை நூலளவு தளர்த்தினேன். கட்டை கிறீச்சிட்டது. அவருடைய குதிகால்கள் மண்ணைப் பிறாண்டின.

"வைக்க மாட்டேம்மா. சத்தியமா வைக்க மாட்டேன். பிரேக்க அமுக்கும்மா."

கல்யாணமான எட்டு வருஷத்தில் என்னை அம்மா என்று அவர் கூப்பிட்டது அன்றுதான். அமுக்கினேன். கியரை மேலே தள்ளி இஞ்சினை நிறுத்தினேன். ஊர்ந்து வெளியே வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. குழாயடியில் போய் நெடுநேரம் கை கழுவினார். பதில் வேறு மாதிரி வந்திருந்தால் காலை எடுத்திருப்பேன். எழுதும்போது அதை மறைக்க மனமில்லை.

அதன் பிறகு அவர் கை ஓங்கவில்லை. வயது ஏற ஏற மனுஷன் சாதுவாகிவிட்டார் என்று தெலுக் இந்தானிலிருந்து வரும் என் அக்கா சொல்வாள். நான் சிரித்துக்கொள்வேன்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு முதல் தடவையாக எண்ணெய் மாற்றும் நாள் வந்தது. காரைக் கட்டைமேல் ஏற்றியாயிற்று. அவர் கூப்பிடுவதற்கு முன்பே போய் உள்ளே உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்தேன்.

"ம், படுங்க," என்றேன்.

ஸ்பானரும் கையுமாக நின்றவர் பிரேக்கில் இருந்த என் காலைப் பார்த்தார். பிறகு என்னை இறங்கச் சொல்லி, காரைக் கட்டையிலிருந்து இறக்கி, பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.