ஜெயிலுக்கு சர்பத், பட்டாளத்துக்கு அல்வா

பண்டிகைப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் முக்கால்வாசி, கேட்டுக்கு வெளியே நிற்பதுதான். ரேஷன் கடை, பாஸ்போர்ட் ஆபீஸ், பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன் என்று எங்காவது கால் கடுக்க நின்றவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

ராணுவத்தில் சப்ளைப் பிரிவில் இருபத்தி நாலு வருஷம் குப்பை கொட்டி, சுபேதாராக ரிட்டயர் ஆனவன் நான். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். இப்போது புனேயில், வானவடியில் ஒரு சின்ன ஃப்ளாட். வீட்டில் சும்மா உட்கார்ந்து பருப்பு டப்பா, புளி டப்பா என்று ஸ்டாக் செக்கிங் பண்ண ஆரம்பித்தேன். என் மனைவி மல்லிகா ரெண்டு மாசம் பொறுத்தாள். மூன்றாவது மாசம் அவளே அலைந்து எனக்கு ஒரு வேலை தேடிக் கொடுத்தாள். கேம்ப் ஏரியா பக்கத்தில் இருக்கும் யூதர்களின் ஜெப ஆலயத்தில் வெளிவேலை.

அங்கே செயலாளர் ஃப்ளோரா மேடம். ஸ்கூல் டீச்சராக இருந்தவர். யூதர் என்றதும் வெளிநாட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டு போனேன்; அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுத்த மராத்தியில் என்னை விசாரித்தார். பட்டாளத்தில் அவர்கள் ஆட்கள் நாலு பேர், ஜெயிலில் ஒருத்தர். பண்டிகைக்குப் பண்டிகை இந்த ஐந்து பேருக்கும் சாப்பாடும் ஜெபப் புத்தகமும் போய்ச் சேர வேண்டும், அதுதான் வேலை என்றார். ஆயிரம் பேருக்கு அரிசி மூட்டை அனுப்பியவன் நான். ஐந்து பேர்தானா என்று சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. "ஆயிரம் பேருக்கு அனுப்பறப்ப ஒருத்தர் விட்டுப்போனா, கூட இருக்கிறவன் பங்கு போட்டுக் குடுப்பான், சுபேதார் சாப். எங்க ஆளு ஒவ்வொருத்தரும் தனியா இருக்காங்க," என்றார்.

கோரிக்கை என்ன?

ஜெயிலில் இருப்பவர் பெயர் ரூபன். நாற்பது வயது, டூவீலர் மெக்கானிக். ஒரு நாள் சாயங்காலம் குடித்துவிட்டு, அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பைக் ஓட்டினார். விபத்தில் அப்பா போய்விட்டார். இவருக்குத் தண்டனை. கோர்ட்டில் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லையாம்.

நான் வேலையில் சேர்ந்த முதல் வருஷம் யோம் கிப்பூர் வந்தது. பாவமன்னிப்பு நோன்பு. ஒரு முழு நாள், பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. ஜெயிலுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ரூபன் காலை டீயைத் தொடவில்லை, மதியம் தட்டைத் தொடவில்லை. ஜெயிலில் ஒருத்தன் சாப்பிடாவிட்டால் அதற்குப் பெயர் உண்ணாவிரதப் போராட்டம். பெரிய அதிகாரிக்குத் தகவல் போய், டாக்டர் வந்து, ஒரு ஃபாரமும் வந்தது. மேடம் என்னை விரட்ட, நான் அடித்துப் பிடித்துக் கடிதத்தோடு ஓடினேன். அதற்குள் ஃபாரத்தை நிரப்பி முடித்துவிட்டார்கள். அதை நிரப்பிய ஜெயிலர் நல்ல மனுஷன். 'கைதியின் கோரிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கிறது, காலியாக விட முடியாது, என்ன எழுதட்டும் என்று ரூபனையே கேட்டாராம். ரூபன் கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்ன பதிலை அப்படியே எழுதியும் வைத்திருந்தார். எனக்குக் காட்டினார்: "மன்னிப்பு."

சப்பாத்தியில் ஈஸ்ட் இல்லையே

அடுத்தது பஸ்கா பண்டிகை, ஏப்ரலில். எட்டு நாளைக்குப் புளித்த மாவு எதையும் தொடக்கூடாது. நாங்கள் கொடுக்கும் புளிப்பில்லாத ரொட்டிதான் சாப்பிட வேண்டும். ஜெயிலர் பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எங்கள் சப்பாத்தியிலும்தான் ஈஸ்ட் இல்லை, இது எதற்குத் தனியாக என்றார். சப்ளைப் பிரிவுக்காரன் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தேன்.

மேடம் என்னை ஆலயத்துக்குப் பின்னால் இருந்த சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். மாவில் தண்ணீர் பட்ட நொடியிலிருந்து பதினெட்டு நிமிஷம்தான் கணக்கு. அதற்குள் பிசைந்து, தேய்த்து, சுட்டு எடுத்துவிட வேண்டும். தாண்டினால் மாவு தானாகவே புளிக்க ஆரம்பித்துவிட்டதாக அர்த்தம். ஒரு அம்மா போனில் நேரம் பார்க்க, மற்றவர்கள் வாய் திறக்காமல் வேலை செய்தார்கள். அப்படி ஒரு டிரில்லை நான் பரேடு கிரவுண்டில்கூடப் பார்த்ததில்லை. என் கையிலும் ஒரு பூரிக்கட்டை கொடுத்தார்கள். நான் தேய்த்தது நேரம் தாண்டிவிட்டது, வெளியே போட்டுவிட்டார்கள். மறுநாள் ஜெயிலரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளக்கினேன். அவர் பக்கத்தில் நின்ற சமையல் பொறுப்பாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பார்சலை மரியாதையாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "பதினெட்டு நிமிஷத்துல எங்க அடுப்புல தண்ணியே கொதிக்காது, சாப்."

சத்தியம் பண்ணுங்க

அந்தப் பண்டிகையில் ஒயின் குடிப்பது வழக்கம்; இந்த ஊர் யூதர்கள் அதை வாங்குவதில்லை. கருப்புத் திராட்சையை ஊறப் போட்டு, வேகவைத்து, பிழிந்து சர்பத் பண்ணுகிறார்கள். நிறத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கேட்டில் இருந்த காவலர் பாட்டிலை முகர்ந்தார், குலுக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார். கடைசியில் என்னையே ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லி, கால் மணி நேரம் கழித்துக் கோட்டின் மேல் நடக்கவும் சொன்னார். எனக்கோ முட்டிவலி. நான் நடந்த லட்சணத்தில் சந்தேகம் இன்னும் அதிகமாகிவிட்டது. ஜெயிலர் வந்துதான் என்னைக் காப்பாற்றினார்.

அன்றைக்குத்தான் ரூபனை முதல்முறை நேரில் பார்த்தேன். முலாக்காத் என்று சொல்லும் சந்திப்பு நேரம், நடுவில் கம்பி வலை. ரூபன் மெல்லிய ஆள், குரலும் மெல்லியது. அவருக்குப் பெஞ்சமின் என்று ஒரே ஒரு தம்பி, பட்டாளத்தில் நாயக். எங்கள் நாலு பேர் பட்டியலில் அவரும் ஒருத்தர். அப்பாவை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து அண்ணனோடு பேச்சு இல்லை. தான் மன்னிப்புக் கேட்டதாகத் தம்பிக்கு ஒரு வரி எழுதிப் போடச் சொல்லி ரூபன் கேட்டுக்கொண்டார். அப்போது பெஞ்சமின் எங்கேயோ மலை உச்சியில் டியூட்டியில் இருந்தார். எழுதி, பார்சலில் வைத்து அனுப்பினேன். ஒரு மாசம் கழித்துப் பதில் வந்தது. சர்பத் கிடைத்தது, மற்றது வேண்டாம் என்று இருந்தது.

அதைவிட என் மனசில் நிற்பது வேறு. காவலர் பாட்டிலை நீட்டியதும் ரூபன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டார். அத்தனை சோதனையும் முடிந்து உள்ளே வந்த சாமான் அது. அவர் என் முகத்தையே பார்த்தார். "இதுல துளிகூடப் போதை கிடையாதுன்னு நீங்க ஒரு தடவை சத்தியம் பண்ணுங்க. அப்புறம் வாங்கிக்கறேன்."

பட்டாளத்துக்கு அல்வா

செப்டம்பரில் அவர்களுக்கு வருஷப் பிறப்பு. ஆப்பிள், தேன், கோதுமைப் பாலில் தேங்காய்ப் பால் விட்டுக் கிண்டிய அல்வா. பெஞ்சமினுக்கு அதற்குள் மாற்றல் வந்து, புனேக்குப் பக்கத்திலேயே கடக்வாஸ்லாவில் பயிற்சிக் கூடத்துக்கு வந்திருந்தார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். சுபேதாருக்கு அல்வா கொடுத்தவர்கள் நிறைய. பட்டாளத்துக்கே அல்வா கொடுத்த சுபேதார் நான் ஒருத்தன்தான்.

பெஞ்சமின் வாட்டசாட்டமான ஆள். தமிழ்ப் பசங்கள் நிறைந்த யூனிட்டில் இருந்தவர் என்பதால், 'வாங்க சாப், உக்காருங்க' என்று தமிழிலேயே ஆரம்பித்தார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கூட இருந்த ஒரு திருநெல்வேலிப் பையன் அவரைப் பற்றிச் சொன்னான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்களுக்குப் பதிலாக இவர்தான் காவல் டியூட்டி நிற்பார், பதிலுக்கு இவர் நோன்பு நாளில் நாங்கள் நிற்போம், ஒரு வருஷம்கூட மேலதிகாரிக்கு எழுதி லீவு கேட்டதில்லை என்றான். நல்ல மனுஷன்தான், அண்ணனிடம் மட்டும் ஏன் இப்படி என்று எனக்கு ஆதங்கம். ரூபன் மறுபடியும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

பெஞ்சமின் டப்பாவை மூடிக் கீழே வைத்தார். விபத்து நடந்த அன்றைக்கு அவர் யூனிட்டில் இருந்தாராம். அப்பா சாகும்போது பக்கத்தில் இருக்க முடியவில்லை, மண்ணுக்குத்தான் வந்து சேர்ந்தார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. பிறகு நிதானமாகச் சொன்னார்: "சாப், இது ரெண்டாவது தடவை. எங்க சட்டத்துல மூணு தடவைதான். மூணாவது தடவையும் நான் மாட்டேன்னு சொன்னா, கேட்டவன் மேல அதுக்கப்புறம் குத்தம் நிக்காது. அவனை நான் அவ்வளவு சுலபமா விட மாட்டேன். அதனால மூணாவது தடவை கேட்டுக்கிட்டு வராதீங்க."

மூணு ரிமைண்டர்

இங்கேதான் என் ராணுவ புத்தி வேலை செய்தது. ஆபீஸில் மூணு ரிமைண்டர் போட்டு பதில் வராவிட்டால் ஃபைலை மூடிவிடுவோம். அட, இவர்கள் சட்டமும் அதேதானா, இத்தனை நாள் தெரியாமல் போச்சே என்று ஸ்கூட்டரில் வரும்போதே எனக்கு ஒரே குஷி. யோம் கிப்பூர் நோன்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் மூணாவது தடவை கேட்டுவிட வேண்டும். தம்பி ஒத்துக்கொண்டாலும் லாபம், மறுத்தாலும் லாபம், ரூபன் சுத்தமாக நோன்பு இருக்கலாம்.

மேடத்திடம்கூடச் சொல்லாமல் நேரே முலாக்காத்துக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி, நீங்கள் ஒரு வார்த்தை 'சரி' என்றால் போதும், இன்றைக்கே கடக்வாஸ்லா போய்க் கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். ரூபன் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி நின்றார். மூணு தடவை சட்டம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியுமாம். சின்ன வயசில் அப்பா சொல்லிக் கொடுத்ததாம். இருந்தும் அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அப்பா அவனுக்கும்தான அப்பா. அவன் கோவம் தீராம இருக்கறப்ப, சட்டத்தைக் காட்டி நான் மட்டும் தப்பிச்சுக்கறதா? வேண்டாம் சாப். அவனுக்கா மனசு வர்ற வரைக்கும் அந்த மூணாவது தடவை அப்படியே இருக்கட்டும்."

நேரில்

மேடத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். டீச்சர் இல்லையா, இரண்டாம் வகுப்புப் பையனைத் திட்டுவதுபோல் திட்டினார். மன்னிப்பு என்ன உங்கள் குடோனில் இருக்கிற மூட்டையா, எண்ணிக் கணக்கை முடிக்க என்றார். திட்டி முடித்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெஞ்சமினிடம் எதுவும் கேட்கக்கூடாது, ஆனால் நடந்ததைச் சொல்லலாம், அது கேட்டதாக ஆகாது என்றார். அந்த மூளைக்கு ஒரு மெடலே கொடுக்கலாம்.

நோன்புக்கு இரண்டு நாள் முன்னால் பார்சலோடு கடக்வாஸ்லா போய், ரூபன் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன். பெஞ்சமின் முழுக்கக் காதில் வாங்கிக்கொண்டார். பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டார். சல்யூட் வைத்தார், உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் காலை, நோன்புக் கடிதத்தோடு ஜெயிலுக்குப் போனால், முலாக்காத் வரிசையில் வெள்ளைச் சட்டையோடு பெஞ்சமின். ராணுவ அடையாள அட்டையைக் காட்டியிருந்தால் ஜெயிலர் உள்ளே கூப்பிட்டிருப்பார். காட்டவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெண்களுக்கு நடுவில், மூணு மணி நேரமாக நிற்பதாகச் சொன்னார்கள். நானும் பின்னால் போய் நின்றேன்.

ரூபன் வலைக்கு அந்தப் பக்கம் வந்து, யார் என்று பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். இன்னும் ஐந்து நிமிஷம்தான் என்று காவலர் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம்தான் பெஞ்சமின் வலையில் கையை வைத்தார். மராத்தியில் சொன்னார், தமிழில் தருகிறேன்: "அண்ணா, மூணாவது தடவையை நீயே கேளு. நான் நேர்ல என் காதால கேக்கணும்."

ரூபன் கேட்டார். நான் அதற்கு மேல் அங்கே நிற்கக்கூடாது என்று கேட்டுக்கு வந்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதை அந்தச் சர்பத் காவலர் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பெஞ்சமின் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது, முகம் லேசாகியிருந்தது. என் எதிரில் வந்து விறைப்பாக நின்றார். "சாப், அடுத்த பண்டிகையிலேர்ந்து ஜெயில் பார்சலை என்கிட்ட குடுத்துடுங்க. அண்ணனுக்கு நானே கொண்டுபோறேன்."

இத்தனை வருஷ சர்வீஸில், என் வேலையை ஒருத்தன் கண்ணெதிரே பிடுங்கிக்கொண்டு போக, நான் அதற்குத் தேங்க்ஸ் வேறு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணியது அன்றைக்குத்தான்.