ஊதிக் காட்டும் இன்பராஜா

“ஊதவா?” என்று வாசலில் செருப்பைக் கழற்றியதும் கேட்கிறார் இன்பராஜா. அடுப்படியிலிருந்து மனைவி றோஸி, கையில் பிடித்த அகப்பையோடு வந்து முகத்தை நீட்டுகிறார். இவர் கன்னம் உப்ப ஒரு மூச்சை ஊதுகிறார். “பிளேன்டீ. ஒரு மீன் பணிஸ். அதுக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடேல்ல” என்று றோஸி தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் கால் வைக்கிறார்.

கொட்டாஞ்சேனையில் ஆட்டோ ஓட்டும் இந்த மனிதர் சாராயத்தை விட்டுப் பல வருடங்களாகின்றன. குடித்த காலத்தில் றோஸி வாசலில் மறித்து, “ஊதுங்கோ பாப்பம்” என்றால் வீடு இரண்டுபடும். சோற்றுக் கோப்பை முற்றத்தில் கிடக்கும். ஞானஸ்நானம் எடுத்த அன்று பின்னேரம், யாரும் கேட்காமலே வாசலில் நின்று ஊதிக் காட்டினார். றோஸி அன்று அழுத அழுகை அவருக்கு இன்னும் மறக்கவில்லை. “இனிப் போதும், உங்கட மணம் எனக்கு மனப்பாடம்” என்று அவர் இப்போது அலுத்துக்கொண்டாலும் இவர் விடுவதாயில்லை.

“நீ கேட்டு நான் ஊதினா அது சந்தேகம். நானா ஊதினா அது சாட்சி” என்கிறார். சபையில் யாருக்கும் இந்தச் சங்கதி தெரியாது. இது வீட்டுக்குள் நடக்கும் ஆராதனை.

அவருடைய இன்னொரு பிடிவாதம் ஆட்டோவை நிறுத்துவதில். ஒழுங்கையோ, ஓர் ஆட்டோ நுழைந்தால் பூனைக்கும் வழியில்லாத ஒழுங்கை. மற்றவர்கள் நேரே கொண்டுவந்து சொருகிவிட்டுப் போய்விடுவார்கள். இன்பராஜா மட்டும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பூச்சாடிகளுக்கு மன்னிப்புக் கேட்டுக் கேட்டுப் பின்பக்கமாகவே உள்ளே வருவார். ஆட்டோவின் முகம் எப்போதும் வீதியைப் பார்த்திருக்க வேண்டும். “ஆயத்தமா இருக்கோணும். ஆண்டவர் ஒரு வேலைக்குக் கூப்பிடேக்க, ‘கொஞ்சம் நில்லுங்கோ, றிவேர்ஸ் எடுத்திட்டு வாறன்’ எண்டு சொல்லேலுமா?”

புறக்கோட்டைக்குப் போகிறவர்கள் அவரிடம் ஏறினால் கிராண்ட்பாஸையும் இலவசமாகப் பார்க்கலாம். நேர்வழியில் ஒரு சந்தி இருக்கிறது. சந்தியில் சாராயம் விற்கும் ஒரு தவறணை இருக்கிறது. அந்தப் பக்கம் அவருடைய ஆட்டோ திரும்பாது. “அண்ணே, நான் ஊர் சுத்திப் பாக்கவா ஏறினனான்?” என்று ஏறியவர்கள் கத்துவார்கள். “அந்தச் சந்தி எனக்குச் சரிவராது தம்பி” என்பார் தாழ்மையாக. சுற்றிய தூரத்துக்குச் சல்லி வாங்கமாட்டார். ஆனால் சுற்றாமல் விடவும் மாட்டார்.

தவறணையைச் சுற்றிப் போகலாம். எதிர் வீட்டை எப்படிச் சுற்றுவது? அங்கே லீனஸ் இருக்கிறார். ஒரு காலத்தில் இருவரும் ஒரே போத்தல், ஒரே கிளாஸ், விழுவதும் ஒரே சாக்கடைக் கானுக்குள். இன்பராஜா எழும்பிவிட்டார், லீனஸ் எழும்பவில்லை. ஞானஸ்நானத்துக்குப் பிறகு, லீனஸ் வரும்போது இவர் ஒழுங்கையின் மற்றக் கரைக்குப் போய்விடுவார். லீனஸுக்கு அதில் கோபமில்லை. சாரத்தை மடித்துக் கட்டி, நெற்றியில் கைவைத்து, “பரிசுத்தவானே, சுகமா?” என்று ஒரு சல்யூட் அடிப்பார். இவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடப்பார். தினமும் காலையில் லீனஸின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார். லீனஸோடுதான் கதைப்பதில்லை. அந்த நெருடல் காலில் குத்திய முள்போல அவருக்குள் கிடக்கிறது.

“பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில வைக்கலாமா? நான் கழுவி வச்ச கோப்பை, றோஸி. தூசு படக்கூடாது.”

“அதுக்காக எந்த நேரமும் கவுத்தே வச்சிருந்தா தேத்தண்ணியை எங்க ஊத்திறது?” என்று கேட்டுவிட்டு றோஸி தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

கடந்த மாதம் அவர் காத்திருந்த அழைப்பு வந்தது. சபை நடப்பது ஒரு கடைக்கு மேலே, மாடி மண்டபத்தில். “பிரதர், முதல் ஞாயிறு திருவிருந்துத் தட்டை நீங்கள் கொண்டுபோங்கோ” என்றார் பாஸ்டர் உமாசுதன். சின்னச் சின்னக் கிளாஸ்களில் திராட்சைச் சாறு நிறைத்த தட்டு. அதை வரிசை வரிசையாக ஏந்திப் போக வேண்டும். இவர் கானுக்குள் கிடந்ததைக் கண்ணால் கண்ட சனம் அங்கே பாதிப்பேர். அந்தக் கண்களுக்கு முன்னால், இந்தக் கையிலிருந்து அவர்கள் கிளாஸை எடுக்க வேண்டும். இன்பராஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நகம் வெட்டினார். தேசிக்காய்த் தோலால் விரல் விரலாகத் தேய்த்தார். வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி, தூசு படாமல் உறை போட்டு ஆணியில் மாட்டினார்.

ஞாயிறு காலை, அந்தச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடும்போது லீனஸின் மனைவி பிலோமி ஓடிவந்தார்.

“அண்ணே, இவர் தவறணைப் படியில விழுந்து கிடக்கிறார். ரத்தமா சத்தி எடுக்கிறார். ஆரும் ஏத்துறாங்கள் இல்ல, ஆட்டோ பழுதாப் போகுமாம்.”

இன்பராஜாவின் கை பொத்தானிலேயே நின்றது. அந்தச் சந்தியா? இன்றைக்கா? சபைக்காரர் வரும் பஸ்ஸும் அந்த வழியால்தான் வரும். வேறு யாரையாவது கேட்டுப் பார்க்கச் சொல்லலாமா என்று ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. திரும்பி றோஸியைப் பார்த்தார். றோஸி அங்கே இல்லை. ஒரு பழைய துவாயோடு ஆட்டோவின் பின்சீற்றில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஆட்டோவும் வீதியைப் பார்த்துத்தான் நின்றது. சாட்டுச் சொல்ல ஒரு றிவேர்ஸ்கூட மிச்சமில்லை.

தவறணை பூட்டித்தான் கிடந்தது. ஆனால் படிகளில் அந்த மணம் இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவருக்கு வாயூறியது, அதை மறைப்பதற்கில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். லீனஸ் கண்ணைத் திறந்து பார்த்தார்.

“மச்சான்... உன்ர வெள்ளச் சட்டை...” என்று தள்ளிவிடப் பார்த்தார்.

“சட்டை கிடக்கட்டும். கழுத்தில கையைப் போடு.”

தூக்கி நிமிர்த்தியபோது லீனஸ் அவர் தோளிலேயே வாந்தி எடுத்தார். ஒருவர் கழுத்தில் ஒருவர் கையைப் போட்டபடி, தள்ளாடித் தள்ளாடி, அச்சொட்டாக அந்தக் காலம்போலவே இருவரும் தவறணைப் படியால் இறங்கினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் வந்தது. யன்னலோரம் பத்மாவதி அக்கா. சபை வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்பவர் அவர்தான். எந்தத் தலையணைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அறியும் மூக்கு அவருக்கு. வாயில் கையை வைத்துக்கொண்டு, பஸ் திரும்பும்வரை பார்த்தபடியே போனார்.

பெரியாஸ்பத்திரியில் லீனஸை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். “நானும் பிலோமியும் நிக்கிறம். நீங்கள் போங்கோ” என்றார் றோஸி. இன்பராஜா குழாயடியில் சட்டையைப் பிழிந்து கழுவினார். கறை கொஞ்சம் போனது. சாராய மணம் போகவில்லை. வீட்டுக்குப் போய் மாற்ற நேரமுமில்லை, மாற்ற இன்னொரு வெள்ளைச் சட்டையுமில்லை.

மாடிப்படி ஏறும்போதே கடைசிப் பாட்டுக் கேட்டது. தட்டை வேறொருவர் கொண்டுபோய் முடித்திருந்தார். வெறும் கிளாஸ்கள் மேசையில் இருந்தன. பத்மாவதி அக்கா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு ஓரடி பின்னே போனார். முன்வரிசைவரை தலைகள் திரும்பின. பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தை மூடினார்.

நடந்ததைச் சொல்ல இன்பராஜா வாயைத் திறந்தார். தவறணைப் படி, ரத்தம், சட்டை என்று எதை முதலில் சொன்னாலும் கதை கட்டுவதுபோல இருக்கும் என்று பட்டது. கடைசியில், வீட்டு வாசலில் நிற்கிற மனிதன்போல,

“ஊதிக் காட்டவா, அக்கா?” என்றார்.

பத்மாவதி அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலைப்பை விலக்கிவிட்டு நேரே கிட்ட வந்தார். “எங்க, ஊதுங்கோ.”

ஊதினார். அக்கா முகர்ந்தார். சட்டையையும் ஒருதரம் முகர்ந்தார். திரும்பி, மண்டபம் முழுவதற்கும் கேட்க அறிவித்தார்:

“சட்டைதான் குடிச்சிருக்கு. ஆள் குடிக்கேல்ல.”

பாஸ்டர் சிரித்தாரா, கண் கலங்கினாரா, இரண்டுமா என்று சொல்ல முடியவில்லை. “அடுத்த மாசம் நீங்கள்தான், பிரதர்” என்று தோளில் கைவைத்தார். அந்த ஈரத் தோளில்தான் வைத்தார். இன்பராஜா தலையை ஆட்டினார். அத்தனை வருடம் ஏங்கிய தட்டு அந்த நேரம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மனம் ஆஸ்பத்திரியில் நின்றது.

பின்னேரம் நோயாளரைப் பார்க்கும் நேரத்துக்குப் போனார். லீனஸ் சேலைன் ஏறும் கையோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கிட்ட வராத மச்சான். நாறும்.”

இன்பராஜா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“இனித் தொட்டா ஆள் முடிஞ்சுதாம். டொக்டர் சொல்லிட்டார்” என்றார் லீனஸ் சுவரைப் பார்த்தபடியே. “என்னால ஏலாது. குடிச்சனீங்களோ எண்டு பிலோமி வாயைத் திறந்தாலே எனக்குக் கோவம் வருது. உனக்கெண்டா ஆண்டவர் இருக்கிறார். எனக்கு ஆர் இருக்கினம்?”

சொல்வதற்கு இன்பராஜாவிடம் எத்தனையோ வசனங்கள் ஆயத்தமாக இருந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டார். லீனஸின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். வாயைப் பொத்தியிருந்த கையை மெல்ல விலக்கினார்.

“நாளைக்கும் பின்னேரம் வருவன். நாளையிண்டைக்கும் வருவன்” என்றார். “இப்ப ஊது, மச்சான்.”

கண்ணை மூடிக்கொண்டு, மூக்கோடு மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்து, முகத்தை நீட்டினார்.